கம்பியில்லா விசைப்பலகை இயங்காதபோது: பெற்றோருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். மேல்நிலை வகுப்புகளில் கணினி அறிவியல் பயிலும் மாணவர்கள் செய்முறைத் தேர்வுக்கான நிரல்களை வீட்டிலும் தட்டச்சு செய்து பழக வேண்டும் என்ற எங்கள் வேண்டுகோளை ஏற்று, உங்களில் பலர் கணினியோடு கம்பியில்லா விசைப்பலகையும் வாங்கித் தந்திருக்கிறீர்கள். ஆனால் "கீபோர்டு வேலை செய்யல சார், அதான் பழகல" என்ற பதில் இப்போது ஆய்வகத்தில் அடிக்கடி கேட்கிறது. அவ்வாறு கொண்டுவரப்பட்டவற்றைக் கணினி ஆசிரியர் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் பழுது எதுவும் இல்லை என்பது தெரிந்தது. எனவே புதிதாக வாங்கக் கடைக்குப் புறப்படும் முன், கீழே உள்ளவற்றைப் பார்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் மின்சாரம். பல விசைப்பலகைகளின் அடிப்புறத்திலோ ஓரத்திலோ சிறிய சுவிட்ச் ஒன்று உண்டு. பைக்குள் உரசியே அது அணைந்துவிடும். அடுத்து பேட்டரி. டிவி ரிமோட்டில் போட்டால் வேலை செய்கிறது என்பதால் அந்த பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டாம். புதியதைப் போட்டுப் பார்ப்பதே சரியான சோதனை. இரண்டு பேட்டரி தேவைப்படும் இடத்தில் ஒன்றைப் பழையதாகவே விட்டுவைத்தால் அது கசியக்கூடும். பேட்டரி அறையின் ஸ்பிரிங்கில் வெள்ளையாக உப்புப் பூத்ததுபோல் இருந்தால் அதுவே கசிவு. அது தோலை அரிக்கும் காரப்பொருள் என்பதால் பிள்ளைகளைத் தொடவிடாமல், பெரியவர்கள் கையுறை அணிந்து, பேட்டரியை எடுத்துவிட்டு, எலுமிச்சைச் சாறு ஓரிரு சொட்டு தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, நன்கு உலர்ந்த பிறகே புதிய பேட்டரியைப் போட வேண்டும்.

எழுத்துகள் விட்டுவிட்டு விழுகின்றன, அல்லது ஒரே எழுத்து வரிசையாக ஓடுகிறது என்றால், கணினியின் யூஎஸ்பி துளையில் செருகியிருக்கும், விசைப்பலகையின் சமிக்ஞையை வாங்கும் சிறிய ரிசீவரைக் கவனியுங்கள். இவ்வகை விசைப்பலகைகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. யூஎஸ்பி 3.0 துளைகளும் அவற்றில் இணைக்கும் ஹார்டு டிஸ்க்குகளும் அதே அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்குகின்றன என்பதை இன்டெல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை விளக்கியது. உள்ளே நீல நிறம் கொண்ட துளைகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. ரிசீவரை வேறு துளைக்கு மாற்றினாலோ, குட்டையான யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பி ஒன்றில் செருகி மேசைமேல் வைத்தாலோ போதும். இரும்பு மேசைக்கு அடியில், கணினிப் பெட்டியின் பின்புறத்தில் ரிசீவரைச் செருகிவிட்டு விசைப்பலகையைக் குறை சொல்வதில் பயனில்லை. நகக்கண் அளவே உள்ள அந்த ரிசீவர் தொலைந்தால், வேறொரு விசைப்பலகையின் ரிசீவர் பொதுவாக அதற்கு உதவாது என்பதையும் மனத்தில் கொள்க.

ரிசீவர் இல்லாமல் இணையும் புளூடூத் வகை என்றால் சந்தேகம் முதலில் கைப்பேசியின்மேல் விழட்டும். வெவ்வேறு கருவிகளுக்கு மாற 1, 2, 3 என்ற பொத்தான்கள் உள்ள விசைப்பலகையை மாணவர் தம் கைப்பேசியோடு இணைத்து வைத்திருந்தால், நீங்கள் தட்டும் எழுத்துகள் அங்கே போய்க்கொண்டிருக்கும். கணினிக்கு உரிய பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால், கணினியின் புளூடூத் பட்டியலிலிருந்து விசைப்பலகையை நீக்கிவிட்டு மீண்டும் இணைக்க வேண்டும்.

விசைப்பலகை நன்றாக இருந்தும் கணினியின் அமைப்பு மாறியிருப்பது இன்னொரு வகை. விண்டோஸில் வலப்புற ஷிப்ட் விசையை எட்டு வினாடி அழுத்திப் பிடித்தால் 'ஃபில்டர் கீஸ்' வசதியை இயக்கட்டுமா என்ற கேள்வி திரையில் வரும். படிக்காமல் 'ஆம்' என்று சொல்லிவிட்டால், அதன்பின் சட்டென்று தட்டிவிடும் விசைகளைக் கணினி பொருட்படுத்தாமல் போகலாம். அமைப்புகளில் அதை அணைத்தால் சரியாகும். ஆங்கில ஏ (A) விசையைத் தட்டினால் 'அ', ஹெச் (H) விசைக்கு 'க' என்று வந்தால் அஞ்ச வேண்டாம். பிள்ளை 'தமிழ் 99' என்ற தமிழ்த் தட்டச்சு முறையில் எழுதிவிட்டு அப்படியே விட்டிருக்கிறார். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். (தமிழ் 99 பழகுவதை நிறுத்திவிட வேண்டாம் என்று தமிழாசிரியர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.)

இத்தனைக்குப் பிறகும் ஐயம் இருந்தால், விசைப்பலகையை அதன் ரிசீவரோடு வேறொரு கணினியில் இணைத்துப் பாருங்கள். அங்கே இயங்கினால் பழுது உங்கள் கணினியில். அங்கேயும் இயங்காவிட்டால் விசைப்பலகையிலோ ரிசீவரிலோ. கடவுச்சொல் கேட்கும் திரையிலேயே நின்றுவிட்டவர்கள், வலப்பக்கக் கீழ் மூலையில் உள்ள அணுகல் வசதிக் குறியை மவுஸால் சொடுக்கித் திரை விசைப்பலகையை வரவழைத்து உள்ளே செல்லலாம்.

அப்படியும் சரியாகாத விசைப்பலகைகளைப் பிள்ளையின் பெயரும் வகுப்பும் எழுதிய தாள் ஒட்டி, ரிசீவரையும் மறவாமல் சேர்த்து, கணினி ஆய்வகத்துக்கு அனுப்பிவையுங்கள். புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்ற நிலை வந்தால், கம்பி உள்ள சாதாரண விசைப்பலகையே போதுமானது என்பது என் கருத்து. விலையும் குறைவு, செய்முறைத் தேர்வன்று நம் ஆய்வகத்தில் மாணவர்கள் தட்டப்போவதும் அதைத்தான். அதுவரை நிரல்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வருமாறு மாணவர்களிடம் சொல்லியிருக்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்