மணத்துக்கு உரிய வரி

அன்பு மகனுக்கு,

பிரான்சின் போயாக் ஊரின் 2010 அறுவடை ஒயினைச் சுவைத்து நீ அனுப்பிய குறிப்பை மூன்று முறை படித்துவிட்டேன். கோப்பையின் விளிம்பில் செங்கல் நிறம் இப்போதுதான் தொடங்குகிறது என்றும், துவர்ப்பு இன்னும் ஈறுகளை இறுக்கிப் பிடிக்கிறது என்றும், புளிப்பு அதைத் தாங்கி நிற்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். கபெர்னே சோவின்யோன் திராட்சை மிகுந்த ஒயின், அதுவும் அந்த ஆண்டினது, இப்படித்தான் நிதானமாக முதிரும். உன் வயதில் எனக்கு இவ்வளவு தெளிவாக எழுத வராது. அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன்.

ஆனால் மணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கஸ்ஸீஸ் என்னும் சிறு கரும்பழமா, பென்சில் சீவலா, தேவதாருப் பெட்டியா, எதுவும் இல்லை. சுழற்றுவதற்கு முன் ஒரு முறையும் சுழற்றிய பின் ஒரு முறையும் முகர வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! 18 டிகிரியைத் தாண்டவிட்டால் சாராய நெடி எல்லாவற்றையும் மூடிவிடும். நாக்குக்குத் தெரிவது புளிப்பும் கசப்பும் இனிப்பும் போன்ற சிலதான். பழமும் மரமும் புகையிலையும் வாய்க்குள்ளிருந்து மூக்குக்கு ஏறும் காற்றில் வருபவை. இதெல்லாம் உனக்குத் தெரியும். சுழற்று, முகர், பிறகு எழுது.

ஜனவரியில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு நீ சாப்பாட்டைப் பற்றியே பேசுவதில்லை. பிரித்ததும் வீடே மணக்கும் வடகத்தை அம்மா அனுப்பினாள். அதற்கும் 'வந்து சேர்ந்தது' என்று மட்டும் பதில் போட்டாய்.

2013 அறுவடையின் ஒயின் பீப்பாயில் இருந்தபோது, சளியால் மூன்று வாரம் எனக்கு மூக்கு வேலை செய்யவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று அஞ்சி, நிறத்தையும் துவர்ப்பையும் மட்டும் பார்த்து எல்லாப் பீப்பாய்களும் சரி என்று கையெழுத்திட்டேன். அன்று நான் எழுதிய குறிப்பு உன் குறிப்பைப் போலவே இருந்தது. ஒரு பீப்பாயில் குதிரைலாய நாற்றம் ஏறியிருந்தது; மற்றவற்றோடு கலந்த பிறகுதான் தெரிந்தது. பீப்பாய் கழுவியவன் மேல் பழி விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை. உனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுத் தந்தவன் அவன்தான். வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனான் என்று உன்னிடம் சொன்னது பொய்.

ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலையிலும் மாலையிலும் முகர்ந்து பழகும் பயிற்சி ஒன்று உண்டு. மாதக்கணக்கில் செய்ய வேண்டும். கிராம்பை அம்மா பொட்டலம் கட்டிவிட்டாள். அடுத்த குறிப்பில் மணத்துக்கு உரிய வரியை விட்டுவிடாதே. ஒன்றும் வரவில்லை என்றால், வரவில்லை என்றே எழுதி முதலில் எனக்கு அனுப்பு.

அப்பா