கலோடனில் ஏன் அரை நாள்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஸ்காட்லாந்து பயணத்தில் கலோடன் போர்க்களத்துக்கு இதுவரை ஒரு மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தோம். வரும் பருவத்திலிருந்து அரை நாள் தருகிறோம். அதற்காக லாக் நெஸ் ஏரிப் படகுச் சவாரியை எடுத்துவிட்டோம். "வெறும் புல்வெளிக்கு இவ்வளவு நேரமா?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

அங்கே கோட்டையும் இல்லை, மதிலும் இல்லை. இன்வர்னெஸ் நகருக்குக் கிழக்கே, காற்று ஓயாத ஒரு பொட்டல் மேடு, அவ்வளவுதான். 1746 ஏப்ரல் 16 அன்று, பிரிட்டனின் அரியணையை இழந்திருந்த ஸ்டூவர்ட் வம்சத்துக்கு அதை மீட்கக் கிளம்பிய இளவரசர் சார்லஸ் எட்வர்டின் படையை, கம்பர்லாண்ட் கோமகனின் அரசுப் படை அங்கே முறியடித்தது. அந்த வம்சத்தின் ஆதரவாளர்களைத்தான் ஜாகோபைட்டுகள் என்பார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இதை இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடந்த சண்டை என்று பலர் நினைக்கிறார்கள். அரசுப் படையிலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் இருந்தார்கள்.

ஜாகோபைட் வரிசை நின்ற இடத்தில் நீலக் கொடிகள், எதிர்வரிசையில் சிவப்புக் கொடிகள். நீலத்திலிருந்து சிவப்பை நோக்கி நீங்களே நடந்து பாருங்கள். கால் சேற்றில் புதையும். எதிரி முகாமைத் திடீரென்று தாக்க முதல் நாள் இரவெல்லாம் நடந்து, முடியாமல் திரும்பி வந்து, பசியோடு நின்றவர்கள் இந்த ஈரத்தில்தான் வாளோடு பீரங்கியை நோக்கி ஓடினார்கள். அவர்கள் பக்கம் சுமார் 1,500 பேர் மாண்டார்கள். எதிர்ப்பக்கம் களத்தில் இறந்தவர்கள் ஏறக்குறைய 50 பேர். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதை அருங்காட்சியகத்துப் படங்களைவிட அந்தச் சேறு நன்றாகச் சொல்லிவிடும்.

அப்புறம் கல்லறை மேடுகள். 1881இல் நட்ட கற்களில், மாண்ட ஜாகோபைட் வீரர்களின் ஸ்காட்லாந்துக் குலப்பெயர்கள் இருக்கின்றன. ஒரு கல்லில் 'பல குலத்தார்' என்று மட்டும் பொறித்திருக்கிறது. யார் எவர் என்று பிரிக்க முடியாமல் சேர்த்துப் புதைத்தவர்கள். எத்தனை முறை போனாலும் எங்களால் அந்தக் கல்லைச் சட்டென்று கடந்துபோக முடிவதில்லை.

ஃபிரேசர் குலக் கல்லைச் சுற்றிப் பார்வையாளர்கள் மிதித்தே புல் தேய்ந்துபோனதுண்டு. அதனால்தான் இனி ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. மேடுகள் மேல் ஏற வேண்டாம், அங்கே சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கவும் வேண்டாம். சாப்பாட்டுக்கு வேறு இடம் ஏற்பாடு செய்திருக்கிறோம்.

களத்தில் நடக்கக் கட்டணம் இல்லை. அருங்காட்சியகச் சீட்டு எங்கள் கட்டணத்திலேயே அடக்கம். தண்ணீர் புகாத காலணியும் மழைக்கோட்டும் கட்டாயம் கொண்டு வாருங்கள், வெயில் நாளானாலும் சரி. நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், சேறு இல்லாத பாதையில் அழைத்துப் போகிறோம்.

படகுச் சவாரிக்காகவே முன்பதிவு செய்தவர்கள் எழுதுங்கள். முழுப் பணமும் திரும்பத் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் பயணக் குழுவினர்