ஆண்டு விழா வாரம்: விடுதித் தம்பிகளுக்கு

தம்பிகளே, விழா நெருங்குவதால் சொல்லிவிடுகிறேன். விடுதிக்குள் மது கூடாது. அறையில் பாட்டில் கிடைத்தால் அங்கே தங்கியிருக்கும் எல்லாரையும்தான் விசாரிப்பார்கள். வீட்டுக்கு போன் போகும், விடுதி இடமும் பறிபோகலாம். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்பதே சட்டப்படி தவறு. குடித்துவிட்டு பைக் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ.

எனக்குப் பெரிய பயம் வேறு. அளவு மீறிக் குடித்தவனை, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுப் போகிறார்களே, அதுதான். குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். வாந்தி மூச்சுக்குழாயில் போனால் உயிரே போய்விடும். மோரும் எலுமிச்சையும் பச்சைத்தண்ணீர்க் குளியலும் போதையை இறக்காது. தட்டி எழுப்பியும் எழாவிட்டாலோ, உடம்பு சில்லிட்டாலோ, மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், 108-ஐ அழையுங்கள், பக்கத்திலேயே இருங்கள்.

அப்புறம், மலிவாகக் கிடைக்கிறதென்று கள்ளச்சாராயத்தைத் தொடவே தொடாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் என்ற விஷம் கலந்த சாராயத்தால் 60 பேருக்கு மேல் இறந்தார்கள்.

தண்டனைக்குப் பயந்து யாரையும் அறையில் பூட்டிவைக்க வேண்டாம். நள்ளிரவானாலும் என்னை எழுப்புங்கள். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவோம், வார்டனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.