ஞாயிற்றுக்கிழமை கால்பந்துக்கு ஏழு பெரியவர்கள் வேண்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். கேரட் அறுவடை மும்முரமாக நடக்கும் நேரத்தில் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு வெகுநேரம் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர்கள் உங்களில் பலர். வாசிக்க முடியாத களைப்பு என்றால் பிள்ளையிடம் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு அதுவும் சந்தோஷம்தான்.

ஹெத்தையம்மன் பண்டிகையும் பொங்கலும் முடிந்த பிறகு, ஜனவரி கடைசி ஞாயிறு தொடங்கி ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் நம் பள்ளி மைதானத்தில் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் கால்பந்து லீக் நடக்கும். நடத்துவது நம் ஊர்க் கால்பந்துக் குழு. மைதானம் கொடுப்பது பள்ளி. பள்ளி மேலாண்மைக் குழு கூடி இதற்குச் சம்மதம் தந்துவிட்டது. அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்வது. ஆக, இது நீங்களே எடுத்த முடிவு.

எட்டு அணிகள், அணிக்குப் பத்துப் பேர். பெயர்ப் பட்டியல் இரண்டே நாளில் நிரம்பிவிட்டது. பிள்ளைகள் பக்கம் ஒரு குறையும் இல்லை. குறை பெரியவர்கள் பக்கம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் இதே லீக் நான்காவது வாரத்தோடு நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். மழை வந்து நிற்கவில்லை. பந்து இல்லாமலும் நிற்கவில்லை. ரெஃப்ரி இல்லாமல் நின்றது. பெரியவர்கள் யாரும் முன்வராததால், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் விசிலை வாங்கிக்கொண்டான். விதிகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துப் படித்தவன். மூன்று வாரம் நன்றாகவே நடத்தினான். நான்காவது வாரம் அவன் கொடுத்த ஒரு ஃபவுல் பிடிக்காமல், கோட்டுக்கு வெளியே நின்ற இரண்டு மூன்று பேர் அவனைத் திட்டினார்கள். "எவ்வளவு வாங்கினே?" என்று கேட்டார்கள். அவனுக்கு வயது 15. மேட்ச் முடிந்ததும் விசிலை மேசைமேல் வைத்துவிட்டு, யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போனான். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அவன் இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை.

நான் அன்று டீ பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. மேட்ச் முடியட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அது என் தவறு. அந்த நிமிடமே உள்ளே போய் ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும். அன்று விளையாடிய பிள்ளைகள் எல்லாரும் அந்த வார்த்தையைக் கேட்டார்கள். பெரியவர்கள் சொன்னதையும் கேட்டார்கள், தலைமையாசிரியர் சும்மா நின்றதையும் பார்த்தார்கள். இந்த வருடம் அப்படி நிற்க மாட்டேன். வெளியிலிருந்து ரெஃப்ரியைத் திட்டினால் ஆட்டம் நிற்கும். திட்டியவர் மைதானத்தை விட்டுப் போன பிறகுதான் மறுபடி தொடங்கும். அவர் எனக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி. ரெஃப்ரியிடம் கேள்வி கேட்க வேண்டுமென்றால் கேப்டன் மட்டும் போய்க் கேட்கலாம். 2024 ஐரோப்பியக் கோப்பையில் பெரிய பெரிய ஆட்டக்காரர்களுக்கே இதைத்தான் விதியாக வைத்தார்கள்.

ஏன் லீக், பேசாமல் ஒரே நாளில், தோற்ற அணி வெளியே போகும் நாக் அவுட் வைத்துக் கோப்பையைக் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்டீர்கள். நம் நீலகிரி மலையில் பழக்கம் அதுதான். ஹட்டிக்கு ஹட்டி, அதாவது ஊருக்கு ஊர், ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டி, மைக் செட், பரிசுப் பணம். அதன் உற்சாகம் எனக்கும் பிடிக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். எட்டு அணி நாக் அவுட் ஆடினால் மொத்தம் 7 மேட்ச். நான்கு அணிகள் ஒரே ஒரு ஆட்டத்தோடு வீட்டுக்குப் போய்விடும். அதே எட்டு அணி, எல்லாரும் எல்லாரோடும் மோதும் லீக் ஆடினால் 28 மேட்ச், ஒவ்வொரு அணிக்கும் ஏழு. முதல் வாரம் ஐந்து கோல் வாங்கிய பையனுக்கு இரண்டாவது வாரம் என்று ஒன்று இருக்கிறது. ஐந்தாவது வாரம் அவன் எப்படி ஆடுகிறான் என்று பார்க்க எனக்கு ஆசை. போன வருடம் ஐந்தாவது வாரமே வரவில்லை.

அணிகளை ஊர்வாரியாகப் பிரிக்கப் போவதில்லை. இதில் உங்களில் பலருக்கு வருத்தம் இருப்பது தெரியும். இந்த வயதில் ஹட்டிப் பிள்ளையும், எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளையும், காலனிப் பிள்ளையும் ஒரே ஜெர்ஸியில் ஆடட்டும். சீட்டுக் குலுக்கித்தான் அணி. பெரிய பிள்ளைகள் ஆன பிறகு அவரவர் ஊருக்கு ஆட நிறைய வருடங்கள் இருக்கின்றன. இன்னொரு காரணமும் உண்டு. எதிர் அணியிலும் உங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை நின்றால் கத்துவதற்கு வாய் அவ்வளவு சுலபமாக வராது.

ஆட்டம் ஏழு பேருக்கு ஏழு பேர். பாதிக்கு 20 நிமிடம். பத்துப் பேரும் குறைந்தது ஒரு பாதி முழுக்க ஆடியே ஆக வேண்டும். ஜெயிக்கிற நேரத்தில் "அவனை இறக்காதே சார்" என்று கோச்சை நெருக்காதீர்கள். பந்து 4-ஆம் நம்பர் பந்துதான், பெரியவர்கள் ஆடும் 5-ஆம் நம்பர் இல்லை. பயிற்சியில் தலையால் முட்டிப் பழக வைக்க மாட்டோம். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தலைப்பந்துப் பயிற்சி வேண்டாம் என்று 2020-இலேயே கால்பந்துச் சங்கங்கள் சொல்லிவிட்டன. தலையில் அடிபட்ட பிள்ளை அன்று மறுபடி இறங்காது. "எனக்கு ஒண்ணுமில்ல சார்" என்று அதுவே சொன்னாலும், அப்பா வந்து சொன்னாலும் இறங்காது.

ஸ்டட் வைத்த பூட்ஸ் வாங்கித் தர வேண்டும் என்று கடன் வாங்காதீர்கள். பள்ளிக்குப் போட்டு வரும் ஷூ போதும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி. 80 பெயரில் 23 பெயர்தான் பெண் பிள்ளைகள். கேட்டால், "வீட்டில் விடமாட்டாங்க மிஸ்" என்கிறார்கள். தயவுசெய்து விடுங்கள். பெண்களுக்கான சீனியர் தேசியச் சாம்பியன் பட்டத்தை நம் தமிழ்நாட்டு அணி 2018-இல் மணிப்பூரைத் தோற்கடித்து வாங்கியது. 2023-இல் ஹரியானாவைத் தோற்கடித்து மறுபடியும் வாங்கியது. அந்த அணிகளில் ஆடியவர்கள் ஏதோ வேற்று உலகத்திலிருந்து வந்தவர்கள் இல்லை. இந்த மாநிலத்துச் சிறிய ஊர்களில், பையன்களோடு சேர்ந்து ஆடி வளர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. இந்த வயதில் இரு பாலரும் ஒரே அணியில் ஆடலாம். உடை மாற்ற ஆறாம் வகுப்பு அறையைத் திறந்து வைத்து, ஒரு ஆசிரியை அங்கேயே இருப்பார். பயிற்சியிலோ பயணத்திலோ எந்தப் பிள்ளையும் ஒரே ஒரு பெரியவரோடு தனியாக இருக்கும்படி விட மாட்டோம், எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள். அதையும் மீறி ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் என்னிடம் வாருங்கள். என்னிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் 1098-க்கு அழைக்கலாம். இந்த எண்ணைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

இனி மைதானம். கேத்திப் பள்ளத்தாக்கில் சமதளம் என்றால் அதில் கேரட்டோ உருளைக்கிழங்கோ இருக்கும். நமக்குக் கிடைத்தது இந்தச் சரிவான மைதானம்தான். பெரியவர்கள் ஆடும் மைதானம் குறைந்தது 90 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். நம்முடையது அவ்வளவு இல்லை. பிள்ளைகளுக்கு அது நல்லதே. ஏழு பேர் ஆட்டத்துக்கு 55 மீட்டர் நீளமும் 37 மீட்டர் அகலமும் போதும். கீழ்ப்பக்கம் பந்து உருண்டு தோட்டத்துக்குள் போவதுதான் பெரிய தொல்லை. தோட்டக்காரர் இரண்டு தடவை பொறுமையாகச் சொல்லிவிட்டார், மூன்றாவது தடவை சொல்ல விடக்கூடாது. அந்தப் பக்கம் முழுக்க வலை கட்டுகிறோம். பழைய வேலி வலை வீட்டில் கிடந்தால் கொடுங்கள்.

கோடு போடச் சுண்ணாம்பு வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். பனி ஈரத்தில் அது தோலையும் கண்ணையும் அரித்துவிடும். கோலமாவு போதும். அப்புறம் கோல் கம்பம். தூக்கி வைக்கும் இரும்புக் கம்பம் சாய்ந்து பிள்ளைகள் இறந்த விபத்துகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அதனால் நாம் கற்பூர மர (யூகலிப்டஸ்) கம்புகளைக் குழி தோண்டி நட்டுவிடுகிறோம். 12 அடி அகலம், 6 அடி உயரம். அதில் தொங்கி ஆடக்கூடாது என்று வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

ஆட்டம் காலை 10 மணிக்குத்தான் தொடங்கும். ஜனவரியில் நம் பள்ளத்தாக்கில் எட்டு மணி வரைகூடப் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும், கால் வழுக்கும். நான்கு மேட்சும் ஒன்றரை மணிக்குள் முடிந்துவிடும். சாயங்காலப் பயிற்சி ஐந்து மணியைத் தாண்டாது. காட்டெருமை இறங்கும் பாதையில்தான் பாதிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறார்கள். போன மாதம் மேல் லைன் பக்கம் சிறுத்தையையும் பார்த்திருக்கிறார்கள். யாரும் தனியாகப் போகக்கூடாது. இந்த வருடம் சமவெளியிலிருந்து வந்து சேர்ந்திருக்கும் மூன்று பிள்ளைகளுக்கு முதல் சில வாரம் மூச்சு வாங்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், நாம் அதற்குக் கொஞ்சம்தான் கீழே. அவர்களை யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்கிறேன்.

சரி, உங்களிடம் கேட்பதற்கு வருகிறேன். எனக்கு ஏழு பேர் வேண்டும். பதினொரு பேர் ஆடும் கால்பந்தில் ஒரு அணியில் ஏழு பேருக்குக் கீழே போனால் மேட்சே நடக்கக்கூடாது என்பது விதி. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் கையெழுத்துப் போடவும் ஏழு பேர் வேண்டும். நம் ஊர்க் குழு பல வருடமாக ஆடுகிறது. ஆனால் பதிவு இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. பணம் யாராவது ஒருவருடைய பையில் இருக்கிறது. அவர் நேர்மையானவர்தான். ஆனாலும் ஒரு கேள்வி வந்தால் காட்டத் தாள் இல்லை. 2018-19-இல் தேசிய அளவிலான ஐ-லீக் கால்பந்துப் போட்டியை வென்ற சென்னை சிட்டி அணி கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில்தான் ஆடியது. இங்கிருந்து ஜீப் பிடித்துப் போய்ப் பார்த்தவர்கள் உங்களிலும் உண்டு. இப்போது அங்கே அந்த மேட்ச்கள் இல்லை. நம் பிள்ளைகள் அடுத்த வருடமும் ஆட வேண்டுமென்றால் அதை நாமேதான் நடத்த வேண்டும்.

வேலைகள் பெரியவை இல்லை. காலை எட்டரைக்கு வந்து கோடு போட ஒருவர். முதலுதவிப் பெட்டியோடு மைதானத்தை விட்டு நகராமல் இருக்க ஒருவர். செவிலியர் பயிற்சி பெற்றவர் யாராவது இருந்தால் நன்றாக இருக்கும். ஸ்கோரையும் வரவு செலவையும் ஒரே நோட்டில் எழுத ஒருவர் வேண்டும். அந்த நோட்டு ஒவ்வொரு திங்களும் பள்ளி அறிவிப்புப் பலகையில் தொங்கும். டீ, வர்க்கி, குடிதண்ணீர் ஏற்பாட்டுக்கு ஒருவர். மேட்ச் முடிந்து மேல் லைன் பிள்ளைகளோடு நடந்து போக ஒருவர். மீதி இருவர் ரெஃப்ரிக்கு. கால்பந்து தெரியாது என்று தயங்காதீர்கள். ஆஃப்சைடு இந்த ஆட்டத்தில் இல்லை. ஒரு சனிக்கிழமை இரண்டு மணிநேரம் உட்கார்ந்தால் மற்றதைப் படித்துவிடலாம்.

செலவுக்குப் பிள்ளைகளிடம் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. இரண்டு தேயிலைத் தொழிற்சாலைகளும் ஒரு உரக்கடையும் பந்தும் ஜெர்ஸியும் தருகின்றன. மது, புகையிலை சம்பந்தப்பட்ட எவரிடமும் வாங்குவதில்லை என்று குழு முடிவு செய்திருக்கிறது. அரசியல் கட்சிப் படம் போட்ட ஜெர்ஸியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

போன வருடம் விசிலை வைத்துவிட்டுப் போன அந்தப் பையனைப் பார்க்க, போன வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். இப்போது பதினொன்றாம் வகுப்பு. விதிகளை எழுதி வைத்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறான். வருகிறாயா என்று கேட்டேன். "பெரியவங்க ஒருத்தர் கோட்டுக்குப் பக்கத்திலே நின்னா வரேன், மிஸ்" என்றான். நான் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு கோட்டில் நான் நிற்க முடியாது.

வருகிற வெள்ளிக்குள் பள்ளி அலுவலகத்தில் உங்கள் பெயரைக் கொடுங்கள், அல்லது பிள்ளையின் டைரியில் எழுதி அனுப்புங்கள். ஏழுக்கு மேல் வந்தால் முறை போட்டுக்கொள்ளலாம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கம்பம் நடக் குழி தோண்டுகிறோம். பள்ளியில் ஒரே ஒரு கடப்பாரைதான் இருக்கிறது, இருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்