பந்து கையில் இல்லாதவரைப் பிடித்தால் 48 நிமிடமும் ஒரே தண்டனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்கு ஈடாக, யாரும் மறிக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு; விழுந்தால் 1 புள்ளி) சரியாகப் போடத் தெரியாத வீரரை வேண்டுமென்றே ஃபவுல் செய்யும் 'ஹேக்-எ-ஷாக்' உத்தியைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் கட்டுரை வந்திருந்தது. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏ-வில் ஆடச் சம்பளம் வாங்குபவர் ஃப்ரீ த்ரோ போடக் கற்றுக்கொள்ளட்டும், விதியை மாற்றத் தேவையில்லை என்பது கட்டுரையாளரின் முடிவு. பந்து வைத்திருப்பவரைப் பொறுத்தவரை அது சரி. என்பிஏ வீரர் பென் சிம்மன்ஸ் 2021 பிளே-ஆஃபில் (லீக் ஆட்டங்களுக்குப் பிந்தைய சாம்பியன் பட்டச் சுற்றுகளில்) போட்ட ஃப்ரீ த்ரோக்களில் 34 விழுக்காடுதான் விழுந்தன. அவரைப் போலப் பந்தைத் தானே கொண்டுவருபவரை மறித்து ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்பினால் அதுவும் தற்காப்பில் ஒரு வழிதான். பந்துக்குச் சம்பந்தமே இல்லாமல் நிற்பவரைக் கட்டிப்பிடிப்பது வேறு விஷயம். கட்டுரை இரண்டையும் ஒன்றாகவே பார்த்துவிட்டது.

இது நடக்கும் விதத்தைப் பாருங்கள். ஒரு குவார்ட்டரில் (48 நிமிட ஆட்டத்தின் கால்பகுதியில்) ஓர் அணி செய்யும் முதல் 4 சாதாரண ஃபவுல்களுக்கு எதிரணிக்குப் பந்து மட்டுமே கிடைக்கும். 5-ஆவதிலிருந்து போனஸ், அதாவது 2 ஃப்ரீ த்ரோ. அதனால் கோச் முதலில் பார்ப்பது டீம் ஃபவுல் கணக்கை. அது 4-இல் இருந்தால் உடனே தொடங்கலாம். 1-இல் இருந்தால் 3 ஃபவுலை வீணாகச் செலவழிக்க வேண்டும். 6-ஆவது ஃபவுலோடு ஒருவர் வெளியேற வேண்டும் என்பதால், அன்றைக்கு அவ்வளவாகத் தேவைப்படாத ஒருவரைப் பெஞ்சிலிருந்து இறக்குவார்கள். எதிரணி பந்தை நடுக்கோடு தாண்டிக் கொண்டுவருமுன் அவர் நேராகப் போய் ஃப்ரீ த்ரோ வராத அந்த உயரமான சென்டரை (கூடையடியில் ஆடுபவரை) இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். விசில் ஊதும்போது பந்து கோர்ட்டின் வேறொரு மூலையில், வேறொருவர் கையில் இருக்கும்.

டல்லஸ் கோச் டான் நெல்சன் 1997 டிசம்பரில் சிகாகோவின் டென்னிஸ் ராட்மன் மீது இதைப் பிரயோகித்தார். அதற்கென்றே இறக்கப்பட்ட பப்பா வெல்ஸ் 3 நிமிடத்துக்குள் 6 ஃபவுலையும் முடித்து வெளியே போனார். ராட்மன் 12-இல் 9 போட்டார், சிகாகோ ஜெயித்தது. பிறகுதான் இது 'ஷாக்' எனப்படும் சென்டர் ஷாகில் ஓனீல் பக்கம் திரும்பி அவர் பெயரையே பெற்றது.

2000 இறுதிச்சுற்றின் 2-ஆவது ஆட்டத்தில் ஓனீலுக்கு இண்டியானா 39 ஃப்ரீ த்ரோ கொடுத்தது. அவர் 18 போட்டார். 2012 ஜனவரியில் கோல்டன் ஸ்டேட் அணி ட்வைட் ஹவர்டுக்கு அதே 39 கொடுத்தது, விழுந்தவை 21. 2015 பிளே-ஆஃபில் ஹூஸ்டனுக்கு எதிராக டியாண்ட்ரே ஜோர்டன் 34-இல் 14. 2016 ஜனவரியில் டெட்ராய்டின் ஆண்ட்ரே டிரம்மண்ட் 36-இல் 13 மட்டும் போட்டு 23 தவறவிட்டார். நான்கு ஆட்டத்திலும் தோற்றது ஃபவுல் செய்த அணியே. பின்தங்கும் அணிகள்தான் பெரும்பாலும் இதைக் கையில் எடுக்கின்றன என்பதால், தோல்விக்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டுரை சொல்வதைப் போல இது கைமேல் பலன் தரும் உத்தியும் இல்லை.

கணக்கு எளிது. 50 விழுக்காடு போடுபவர் 2 ஃப்ரீ த்ரோவில் சராசரியாக 1 புள்ளி எடுப்பார். இன்றைய என்பிஏ அணிகள் 100 தாக்குதலுக்கு (பந்து கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு தாக்குதல்) ஏறக்குறைய 115 புள்ளி எடுக்கின்றன, ஒரு தாக்குதலுக்கு 1.15. காகிதத்தில் 57 விழுக்காட்டுக்குக் கீழே போடும் எவரையும் ஃபவுல் செய்யலாம் என்று வரும். ஆட்டத்தில் அது அப்படியே நடக்காது. 2-ஆவது ஃப்ரீ த்ரோ தவறினால் அதே அணி ரீபவுண்ட் எடுத்து (தவறித் திரும்பும் பந்தைப் பிடித்து) மறுபடி போடவும் வாய்ப்புண்டு. ஃப்ரீ த்ரோ விழுந்துவிட்டால் எதிரணி நிதானமாகத் திரும்பி தற்காப்பை அமைத்துக்கொள்ளும், வேகத் தாக்குதலுக்கு வழி அடைபடும். போனஸில் இருப்பதால் தவறி வேறொருவர் மீது கைபட்டாலும், 85 விழுக்காடு போடும் கார்டு (பந்தை நடத்திச் செல்பவர்) கோட்டில் வந்து நிற்பார். ஃபவுல் செய்யும் அணியின் சொந்த ஷூட்டர்களும் சும்மா நின்று கை ஆறிப்போவார்கள்.

அப்படியிருந்தும் கோச்கள் இதை விடாததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று கடிகாரம்: ஒரு ஃபவுலுக்கு 2, 3 நொடிதான் போகும், பின்தங்கிய அணிக்குக் கூடுதல் தாக்குதல்கள் கிடைக்கும். மற்றது முக்கியமானது. நாலைந்து ஃப்ரீ த்ரோ தவறியதும் எதிர்க் கோச் அந்தச் சென்டரைப் பெஞ்சில் உட்கார வைப்பார். ரீபவுண்டும் கூடைக் காவலும் அவரோடு போய்விடும். ஃபவுல் செய்த அணி விரும்பியது அதைத்தான். எதிரணியின் ஐவரில் யார் ஆட வேண்டும் என்பதைத் தவறு செய்யும் அணி முடிவுசெய்கிற நிலை இது. எனக்கு ஆற்றாமை இங்கேதான்.

தீர்வுக்கு எங்கும் தேட வேண்டாம். 1960-களில் வில்ட் சேம்பர்லைன் என்ற சென்டரை இப்படித் துரத்தியதன் விளைவாகவே, ஆட்டத்தின் கடைசி 2 நிமிடத்துக்குத் தனி விதி வந்தது: பந்துக்கு அப்பால் ஃபவுல் செய்தால் எதிரணிக்கு 1 ஃப்ரீ த்ரோ, அதோடு பந்தும். அந்த ஃப்ரீ த்ரோவை அவ்வணியில் களத்தில் இருக்கும் யார் வேண்டுமானாலும் போடலாம். 2016-17 பருவத்தில் இதை ஒவ்வொரு குவார்ட்டரின் கடைசி 2 நிமிடத்துக்கும் நீட்டினார்கள். ஆக 8 நிமிடம் பாதுகாப்பு, மீதி 40 நிமிடம் திறந்த வெளி. டிரம்மண்டைப் பிடித்த அந்த ஆட்டத்தில் ஹூஸ்டன் வீரர் ஒருவர் இரண்டாம் பாதியின் முதல் 9 நொடியிலேயே 5 ஃபவுல் செய்தார். புதிய விதி அன்றே இருந்திருந்தாலும் அதைத் தடுத்திருக்காது, குவார்ட்டரின் தொடக்கம் அல்லவா!

சென்னை கோர்ட்டுகளில் நாம் ஆடும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதியில் இதற்கு இடமே இல்லை. பந்தை நோக்கி முறையாக முயலாத தொடுகை 'அன்ஸ்போர்ட்ஸ்மன்லைக் ஃபவுல்'. எந்த நிமிடமானாலும் 2 ஃப்ரீ த்ரோவும் பந்தும் எதிரணிக்குப் போகும். ஒருவரே இரண்டு முறை செய்தால் ஆட்டத்தைவிட்டு வெளியேற்றம். என்பிஏ அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தன் கடைசி 2 நிமிட விதியை 48 நிமிடத்துக்கும் விரித்தால் போதும்.

அப்படிச் செய்தால் மோசமாகப் போடுபவர் தப்பித்துவிடுவார் என்ற கட்டுரையாளரின் கவலையும் தேவையற்றது. ஓனீல் தன் ஆட்ட வாழ்வில் 11,252 ஃப்ரீ த்ரோ போட்டு 5,317 தவறவிட்டார். கூடையடியில் பந்தோடு திரும்பும்போது வாங்கிய ஃபவுல்களிலிருந்து வந்தவையே அவற்றில் பெரும்பகுதி, அந்த வழியை யாரும் அடைக்கச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
கூடைப்பந்து நடுவர் ஒருவர்,
சென்னை