கட்டைவிரல் இருந்தது, ஒட்ட ஆள் இல்லை: மருத்துவ மேற்படிப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். ஆபரேஷன் தியேட்டரில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கும் செவிலியர் நான். கை அறுவைக்கான தேசியப் பயிற்சித் திட்டத்தின் வரைவு உங்களிடம் வந்ததும், திரும்பிப் போனதும், மறுபடி வந்ததும் உங்களுக்கே தெரியும். அதை நான் விவரிக்க வேண்டியதில்லை. போன மாதம் ஓர் இரவு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வலது கட்டைவிரல் துண்டான ஓர் இளைஞரைக் கொண்டுவந்தார்கள். நசுங்கல் இல்லை, சுத்தமான வெட்டு. கூட வேலை செய்பவர் விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஐஸ் நேராகப் பட்டால் விரல் கெட்டுவிடும். எத்தனையோ பேர் தவறவிடுகிற விஷயம் இது. அவர் தவறவிடவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் வந்தும் சேர்ந்துவிட்டார்கள். விரலில் தசை இல்லாததால் குளிரில் வைத்தால் பல மணி நேரம் தாங்கும். ஆக, எல்லாம் சரியாக இருந்தது.

ஒட்டத்தான் ஆள் இல்லை. அன்று பணியில் இருந்த சர்ஜன் எலும்பு முறிவில் கைதேர்ந்தவர். ஆனால் ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள ரத்தக்குழாயை மைக்ரோஸ்கோப்பின் கீழ் தைக்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாலும் விண்ணப்பிக்க ஓர் இடமில்லை. மாறி மாறி போன் செய்தோம். ஓரிடத்தில் தெரிந்தவர் விடுப்பில் இருந்தார். இன்னோரிடத்தில் இருந்த ஒரே ஒருவர் அப்போதுதான் ஒரு மணிக்கட்டை ஒட்டத் தொடங்கியிருந்தார். அவர் வெளியே வர மறுநாள் ஆகிவிடும்; வந்தவுடன் உட்கார்ந்து இன்னொன்றைத் தொடங்கு என்று ஒரு மனிதரை எப்படிக் கேட்பது?

விடியும் முன் காயத்தை மூடித் தைத்தோம். பை என் கையில் இருந்தது. தியேட்டர் வாசலில் அந்த நண்பர் கேட்டார்: "நான் சரியாத்தானே எடுத்துட்டு வந்தேன், சிஸ்டர்?" மூன்று முறை கேட்டார். சரியாகத்தான் கொண்டுவந்தீர்கள் என்று மூன்று முறையும் சொன்னேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

முழுதாகத் துண்டான கட்டைவிரலை ஜப்பானின் நாராவில் கொமாட்சு, தமாய் என்ற இரு சர்ஜன்கள் ஒட்டியது 1965-இல். இது புதிய வித்தை இல்லை. அதற்கும் முன்பே, இரண்டாம் உலகப் போரின்போது, ஸ்டெர்லிங் பன்னல் என்ற கை அறுவை நிபுணர் அமெரிக்க இராணுவ மருத்துவமனைகளில் கை அறுவைக்கென்றே மையங்கள் அமையக் காரணமாக இருந்தார். இளம் சர்ஜன்கள் அங்கேதான் பழகினார்கள். போர் நடுவே அவர்களால் முடிந்தது. தயவுசெய்து கை அறுவைக்கான தேசியப் பயிற்சித் திட்டத்தை, தொடங்கும் தேதியோடு அறிவியுங்கள்.

இரண்டு நாள் பயிலரங்கு போதும் என்று சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. ரப்பர் குழாயில் தைத்துப் பழகி, பிறகு சின்னஞ்சிறு ரத்தக்குழாய்களில் பழகி, பிறகு அனுபவசாலி பக்கத்தில் நிற்க நோயாளியிடம் வர வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். பயிற்சிக்காலம் முழுக்கச் சம்பளம், மருத்துவமனைகளுக்கு இடையே சுழற்சி, நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு இவை வேண்டும். அப்புறம், கைக்கான பிசியோதெரபிஸ்டுகளையும் கூடவே பயிற்றுவியுங்கள். தசைநாணை எவ்வளவு அழகாகத் தைத்தாலும், முதல் வாரங்களில் அளவாக அசைக்கவைக்க ஆள் இல்லையென்றால் அது சுற்றிலும் ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துப்போகும். அப்படி விறைத்த விரல்களோடு திரும்பி வருபவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

இயந்திரங்களுக்குத் தடுப்பு போடாத முதலாளிகளைப் பற்றியும், ஒரு விரலுக்கு இவ்வளவு செலவா என்று கூட்டங்களில் கேட்பவர்களைப் பற்றியும் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. கட்டைவிரல் இல்லாமல் சட்டைப் பொத்தானைப் போட்டுப் பார்க்கட்டும். அது ஒரு விரல் இல்லை, பாதிக் கை. சரி, அந்தக் கோபத்தை உங்கள் மேல் காட்டுவது முறையில்லை. மன்னியுங்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றே: பயிற்சித் திட்டத்தை அறிவியுங்கள், தேதியோடு. முதல் ஆண்டு நான்கு இடங்களோடு தொடங்கினாலும் போதும். உங்கள் அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டால், இரவுப் பணி முடிந்த கையோடு வந்து இதையெல்லாம் நேரில் சொல்கிறேன்.

பணிவுடன்,
தியேட்டர் செவிலியர் ஒருவர்