குமரிக்கு நேர் தெற்கே மலைகள் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி பற்றிய தங்கள் சுற்றுலாப் பக்கக் கட்டுரையில், முனையிலிருந்து தென்துருவம் வரை வெறும் கடல்தான் என்று எழுதியிருந்தது. வழிகாட்டிகள் பலரும் சொல்லும் இந்தத் தகவல் தவறு. துருவமே நிலத்தின் நடுவில்தான் இருக்கிறது!

முனையின் தீர்க்கரேகை கிழக்கு 77.5 பாகை. அதே கோட்டில் சுமார் 5,100 கி.மீ. தெற்கே பிரான்சுக்குச் சொந்தமான ஆம்ஸ்டர்டாம் தீவு. தெற்கு 69 பாகையை ஒட்டி அண்டார்டிகாவின் கரை. சற்று மேற்கே, லார்ஸ்மன் குன்றுகளில், 2012 முதல் இயங்கும் நம் நாட்டு ஆய்வு நிலையமான பாரதி. அங்கிருந்து உள்நாட்டுக்குள் சுமார் 1,200 கி.மீ. போனால் காம்பர்ட்சேவ் மலைத்தொடர். சிகரங்கள் கடல் மட்டத்துக்கு மேல் 3,000 மீட்டர் அளவில், நம் மகேந்திரகிரியைப் போல ஏறக்குறைய இருமடங்கு. ஆனால் நேரில் போய் நின்றாலும் ஒரு கல் கண்ணில் படாது. குறைந்தது 600 மீட்டர், பள்ளத்தாக்குகளில் 3,000 மீட்டருக்கும் மேல் பனிக்கட்டி மூடிக் கிடக்கிறது.

1958-இல் சோவியத் குழு பனியில் வெடிவைத்து, அதிர்வு திரும்பும் நேரத்தைக் கொண்டு இந்த மலைகளைக் கண்டுபிடித்தது. 2008-09-இல் 7 நாடுகள் சேர்ந்து, ரேடார் பொருத்திய சிறு விமானங்களை 5 கி.மீ. இடைவெளிக் கோடுகளில் பறக்கவிட்டன. தூத்தூர் மீனவர்களின் விசைப்படகுகளில், ஒலி அனுப்பி எதிரொலி கேட்கும் எக்கோ சவுண்டர் கருவி, கடலடிப் பாறைத்திட்டான 'பார்' இருக்கும் இடத்தைக் காட்டும் அதே தத்துவம்தான். உப்புநீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும் என்பதால் கடலில் ஒலி; உறைந்த பனி அதை உள்ளே விடும் என்பதால் அங்கே ரேடியோ. பனிக்கட்டியில் ரேடியோ அலை மைக்ரோ வினாடிக்கு (வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) சுமார் 168 மீட்டர் செல்லும். 36 மைக்ரோ வினாடியில் எதிரொலி திரும்பினால், போக வர என்பதால் பாதியாக்கி, பனியின் தடிமன் ஏறத்தாழ 3,000 மீட்டர். மேல்பனியில் காற்று கலந்திருப்பதால் அலை அங்கே வேகமாகப் போகும். அதற்காகப் பத்து மீட்டர் போலக் கூட்ட வேண்டும்.

பெரிய பிழை வருவது பள்ளத்தாக்கில். பக்கச் சரிவின் எதிரொலி அடியின் எதிரொலிக்கு முன்பே வந்து, பள்ளத்தை ஆழம் குறைவாகக் காட்டிவிடும். குறுக்குக் கோடுகளில் பறந்தும் ஈர்ப்பு விசையை அளந்தும்தான் அதைச் சரிபார்க்க முடியும். செயற்கைக்கோள் படத்தில் தெரிவது மேல்பரப்பு மட்டுமே.

வழிகாட்டிகள் இனி, "நேர் தெற்கே முதலில் வரும் நிலம் ஆம்ஸ்டர்டாம் தீவு" என்று சொன்னால் போதும். தாங்களும் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்.

புவியியல் ஆசிரியர்கள் சிலர்,
நாகர்கோவில்